மூடி மட்டும் வேற மரம்

பெட்டிக்காரிக்கு அந்த மூடியைப் பார்த்தாலே வயிறு எரியும். மகளுக்கென்று ஆசை ஆசையாகச் செய்த நகைப்பெட்டி. உடம்பெல்லாம் கப்பலில் வந்த கருங்காலி. கறுப்புக்கு நடுவே தேன் நிறத்தில் ஒரு கோடு அறுபடாமல் சுற்றி ஓடும். மூடி மட்டும் சாதாரணத் தேக்கு. என்ன செய்ய? மூடிக்கென்று வீட்டில் எடுத்து வைத்த பாதிப் பலகையைப் பூச்சி அரித்துவிட்டது, அடுப்பில் போட்டுவிட்டேன் என்று புருஷன் சொன்னான். அவள் அழுதபோது முதுகைத் தடவிக்கொடுத்தான். மகள் சமர்த்து. "விடும்மா, தொப்பி போட்ட பெட்டி" என்று சிரித்தாள். இவள்தான் மனசு கேட்காமல், ஏற்ற மரம் கிடைத்ததும் மாற்றித் தருகிறேன் என்று பட்டறை அலமாரியிலேயே வைத்திருந்தாள்.

அவள் செய்யும் பெட்டிகளை வெளியூர்க் கடைகளில் விற்பது புருஷன் வேலை. மாசத்தில் பாதி நாள் வீடு தங்க மாட்டான். பட்டறைக்குள் மட்டும் கால் வைக்க மாட்டான். மரத்தூள் பட்டால் தும்மலாம். சாப்பிடக் கூப்பிட வந்தாலும் மூக்கில் கர்சீப்போடு வாசலிலேயே நிற்பான். உப்புத்தாளைக்கூடத் தொட்டதில்லை, மகராசன்.

அன்றைக்கு ஒரு காலேஜ் பெண் துணிப்பையோடு வந்தாள். "ஆன்ட்டி, பெட்டியோட கீல் கழண்டு போச்சு. இருந்து வாங்கிட்டுப் போகலாமா?"

"உக்காரும்மா."

பெட்டிக்காரி பையைப் பிரித்தாள். கருங்காலி. தேன் நிறக் கோடு. அலமாரியிலிருந்து மகளின் பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கோடு இதிலிருந்து அதற்கு மயிரிழை விலகாமல் ஓடியது. அடுப்பில் போட்டதாகச் சொன்ன அதே பாதிப் பலகை.

படுபாவி, பலகையை வித்துத் தொலைச்சானா? அப்படியாவது இருந்து தொலையட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள்.

"எங்கேம்மா வாங்கினீங்க?"

"வாங்கலை ஆன்ட்டி, எங்கப்பா எனக்காகச் செஞ்சது. நகைப்பெட்டி விக்கிறவர், ஊர் ஊரா சுத்துவார். வீட்டுக்கு வந்தா போதும், இதை வச்சுத் தேய்ச்சிட்டே இருப்பார். ரிப்பேர்னா இந்தக் கடைக்கு மட்டும் போகாதே, காசு பிடுங்குவாங்கன்னார். வேற யாரும் கீல் மாட்டித் தரலை, அதான்..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெட்டிக்காரி மூலைகளைத் தடவிப் பார்த்தாள். அவள் பொருத்துகிற அதே மாதிரி. வாசலில் நின்று பார்த்தே கற்றிருக்கிறான் திருடன். இன்னொரு வீடு, இன்னொரு பிள்ளை என்பதெல்லாம் அப்புறம்தான் உறைத்தது. முதலில் நெஞ்சில் குத்தியது அந்த வழவழப்பு. இவ்வளவு பொறுமையாகத் தேய்க்கத் தெரிந்தவன் பெற்ற மூத்தவளுக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் தேய்க்கவில்லையே!

அழவில்லை. கீலை மாட்டித் திருகை முடுக்கினாள். இரண்டு பெட்டிகளையும் ஒட்டினாற்போல் மேஜையில் வைத்தாள்.

"சாப்பிட வர்றியா?" வாசலில் வழக்கமான குரல். மூக்கில் கர்சீப்.

பெண் துள்ளி எழுந்தாள். "அப்பா! நீங்க வெளியூர்ல இல்ல இருக்கணும்?"

அவன் பார்வை அவளிடமிருந்து மேஜைக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"கர்சீப்பை எடுத்துட்டு உள்ளே வாங்க," என்றாள் பெட்டிக்காரி. "தும்மல் வராது."