செருகி வைத்த குருத்து

சலூன்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் முக்கியமான விஷயம் பேசிக்கொண்டிருப்பார். இவர் கண் மட்டும் அவர் காதுக்கு மேல் தூக்கலாக நிற்கும் முடியிலேயே இருக்கும். ஓரம் கோணியிருந்தால், நுனி நீண்டிருந்தால் இவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனிதர் வீட்டு முன்பக்கத் தோட்டத்தில், பழுத்த மட்டைகள் தாறுமாறாகத் தொங்க ஓர் அலங்காரப் பனை வருஷக்கணக்கில் நின்றது என்றால், அதற்குக் காரணம் அவருடைய மகள்தான்.

தொட்டியில் முழங்கால் உயரம் இருந்ததை நர்சரியிலிருந்து வாங்கிவந்து மண்ணில் இறக்கியவள் அவள். தாயில்லாமல் வளர்ந்த ஒரே பெண். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் சலூன்காரர் கை பரபரக்கக் கத்தரியோடு மரத்துக்குப் பக்கத்தில் போனபோது, "அப்பா, இது உங்க கஸ்டமர் இல்ல. தலையில கை வச்சீங்க, அவ்வளவுதான்" என்று வழிமறித்தாள். பழுத்த மட்டையை வெட்டக் கூடாதாம். அதில் மிச்சமிருக்கும் சத்தை உறிஞ்சித்தான் மரம் புது ஓலைக்குக் கொடுக்குமாம். தானாகக் காய்ந்து சருகான பிறகே எடுக்க வேண்டுமாம். இத்தனை 'மாம்'களையும் காதில் வாங்கிக்கொண்டு அவர் கத்தரியைச் சட்டைப்பையில் போட்டபடி திரும்பினார். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன் மாமனாரைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட முடியுமா?

இப்போது அவள் இல்லை. வயிற்றுவலி என்று புருஷனோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள், உடனே ஆபரேஷன் என்றார்கள், அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மிஞ்சியது மாமனாரும் மாப்பிள்ளையும், வாசலில் அந்தப் பனையும்.

ஒருத்தியைத் தவிரத் தங்களுக்குள் பொதுவாக எதுவுமே இல்லாத இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள்? அவள் பேச்சை எடுத்தால் சாப்பாடு பாதியில் நின்றுவிடும். அதனால் எடுப்பதேயில்லை. பனையைப் பற்றிப் பேசினார்கள். கீழ்மட்டை ஒன்று பழுத்துவிட்டது என்று இவர் சொல்வார். நானும் பார்த்தேன் என்று அவன் சொல்வான். சாப்பாட்டு மேஜையில் அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. இரண்டு தட்டுகளையும் யார் கழுவுவது என்று கொஞ்சம் இழுபறி நடக்கும், பிறகு அவரவர் அறைக்குப் போய்விடுவார்கள்.

மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் ஓர் அக்கா இருந்தாள். தம்பிக்கு அங்கே நல்ல வேலை ஒன்று சொல்லி வைத்திருந்தாள். தெரிந்த இடத்தில் பெண்ணும் பார்த்து வைத்திருந்தாள். அவன் பிடிகொடுக்கவில்லை என்றதும் சலூன்காரருக்கே போன் செய்து, "நீங்க சொன்னா கேப்பான், நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டாள். நியாயமான பேச்சுதான். சொல்கிறேன்மா என்றார். சொல்லவில்லை. வாய்வரை வரும், முழுங்கிவிடுவார். மாப்பிள்ளையும் போய்விட்டால் தன்னை மாமா என்று கூப்பிட ஆள் கிடையாது. அவளோடு குடித்தனம் நடத்திய ஒருவன் கண்ணெதிரே நடமாடும்வரை, அவள் பக்கத்துத் தெருவுக்குப் போயிருப்பதுபோல் அவரால் நினைத்துக்கொள்ள முடிந்தது. அந்தச் சின்னப் பொய்யை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

அவன் அக்காவுக்குச் சொன்ன பதில் எப்போதும் ஒன்றேதான். அவள் வைத்த பனை வாடிப்போயிருக்கிறது, அது கொஞ்சம் தேறட்டும், பிறகு பார்க்கலாம். அடுத்த அறையில் இதைக் கேட்கும்போதெல்லாம் சலூன்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும். பனை தேறவும் வேண்டாம், சாகவும் வேண்டாம், இப்படியே நின்றால் போதும் என்றுகூட ஒருநாள் நினைத்துவிட்டார். நினைத்ததற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

ஆனால் மரம் உண்மையிலேயே சரியில்லை. பனைக்குக் கிளை கிடையாது. உச்சந்தலை நடுவிலிருந்து மூடின குடைபோல நீட்டிக்கொண்டு வரும் ஒரே ஒரு குருத்து விரிந்துதான் அடுத்த ஓலை. அந்தக் குருத்து மழைக்காலத்திலிருந்து அப்படியே நின்றது. விரியவுமில்லை, வளரவுமில்லை. சலூன்காரர் காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன் அதைத்தான் போய்ப் பார்ப்பார். தண்ணீர் போதவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம். காலையில் மாப்பிள்ளை ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். அவன் அவசரக்காரன், அரைகுறையாக ஊற்றியிருப்பான் என்று, மத்தியானம் சாப்பிட வரும்போது இவர் பங்குக்கு ஒரு பக்கெட் ஊற்றினார். இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் குறை சொல்வதுபோல் ஆகிவிடுமே.

அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குச் செடி இறக்க நர்சரிக்கார அம்மா சின்ன வேனில் வந்திருந்தபோது, கொஞ்சம் வந்து பாருங்களேன் என்று அழைத்துவந்தார். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தான். அந்த அம்மா முதலில் மரத்தைப் பார்க்கவில்லை; செருப்பால் அடிமண்ணை அழுத்திப் பார்த்தாள். மண்ணில் தண்ணீர் கசிந்தது. எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்று கேட்டாள். இவர் சொன்னதும், அவ்வளவுக்கு இப்படி ஆகாதே என்று தலையை ஆட்டினாள். பிறகு முற்றத்தில் கிடந்த முக்காலியில் ஏறி, குருத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாகத் தூக்கினாள். பானையிலிருந்து கரண்டி வருவதுபோல அது கையோடு வந்துவிட்டது. அடி கறுத்து, கூழாகி, நாற்றம் குப்பென்று அடித்தது.

"வேர் மூச்சு முட்டி, உள்ள அழுகிப்போச்சுங்க. இனிமே இதுல ஒண்ணும் வராது" என்றாள். மற்ற ஓலைகள் பச்சையாகத்தானே இருக்கின்றன என்று இவர் கேட்டார். அது இன்னும் சில மாதம் அப்படியே இருக்கும், பார்க்கிறவர்களுக்கு உயிரோடு இருப்பதுபோலத்தான் தெரியும் என்றாள். அப்புறம் குருத்தின் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இதை யாரோ முன்னாடியே பிடுங்கிட்டு, திரும்பச் செருகி வச்சிருக்காங்களே. ஆடாம இருக்கச் சுத்தி என்னமோ வேற வச்சிருக்காங்க."

அடியைச் சுற்றி இருந்தது ஒரு கறுப்பு ரப்பர் பட்டை. லிஃப்ட் கதவு மோதாமல் இருக்க ஓரத்தில் ஒட்டுவார்களே, அது. மாப்பிள்ளையின் வேலைப்பெட்டியில் அதன் சுருள் எப்போதும் கிடக்கும்.

நர்சரிக்கார அம்மா போன பிறகு சலூன்காரர் குருத்தைக் கையில் வைத்துக்கொண்டு முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் வந்தது கோபம்தான். என்னையே ஏமாற்றியிருக்கிறானே, தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு. பிறகுதான் உறைத்தது. மரம் செத்தது தெரிந்திருந்தும் அது தேறட்டும் என்று அக்காவிடம் சாக்குச் சொல்கிறான் என்றால், அவன் இங்கே தங்கியிருப்பது மரத்துக்காக இல்லை. இந்தக் கிழவனுக்காக.

இவ்வளவு புரிந்த மனிதர் அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்? குருத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அன்றைக்கே அவனைக் கிளம்பச் சொல்லியிருக்க வேண்டும். அவர் செய்தது வேறு. ரப்பர் பட்டையைத் துடைத்து, இருந்த மாதிரியே சுற்றி, குருத்தைப் பழைய இடத்தில் செருகினார். நேராக இருக்கிறதா என்று எட்ட நின்று பார்த்துக்கொண்டார். இரவு மேஜையில், "குருத்து இன்னும் விரியல போலிருக்கே மாப்பிள்ளை" என்றார். "விரியும் மாமா, கொஞ்சம் நாளாகும்" என்றான் அவன். இருவரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அவருக்குச் சோறு மண்ணாக இருந்தது, ஆனாலும் அடுத்த நாளும் வாயைத் திறக்கவில்லை, அதற்கடுத்த நாளும் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனவர், கிட்டத்தில் பார்க்கப் போடும் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டதால் திரும்பி வந்தார். கேட்டுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. மாப்பிள்ளை முக்காலிமேல் நின்றுகொண்டிருந்தான். குருத்தைக் கழற்றி, அதை எண்ணெய்த் துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டிருந்தான், பச்சை மங்கிவிடக் கூடாது என்று. காய்ந்துகொண்டு வந்த நுனியைக் கவனமாகக் கிள்ளி எடுத்தான். பட்டையைச் சுற்றிச் செருகினான். இறங்கி வந்து, சலூன்காரர் முகம் கழுவாமல் தினமும் வந்து நிற்கும் அதே இடத்தில் நின்று, அங்கிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்த்தான். சரியில்லை போலிருக்கிறது. மறுபடி ஏறினான்.

முப்பத்தைந்து வயதுகூட ஆகாதவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரில் மற்றவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வெளியே கிளம்பிக்கொண்டிருக்கும் நேரம், இவன் ஒரு செத்த மரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். சலூன்காரருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கண்ணாடி இல்லாமலே கடைக்குத் திரும்பிப் போனார். அன்று ஒருவருக்கும் கத்தரி பிடிக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை மறுநாளைக்குச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவர் தோட்டத்தில் இருந்து குருத்தை உருவிக் கையோடு கொண்டுவந்து மேஜையில், சட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"செத்துப்போச்சு மாப்பிள்ளை."

அந்த வீட்டில் அந்த வார்த்தையை ஒரு வருஷமாக யாரும் சொன்னதில்லை. எதைப் பற்றியும் சொன்னதில்லை. மாப்பிள்ளை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து ஸ்விட்சை அணைத்தான்.

"எனக்குத் தெரியும் மாமா."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

அவன் சட்டைக் காலரை நீவினான். "போன தடவை ஆஸ்பத்திரியிலேர்ந்து நான்தானே உங்ககிட்ட வந்து சொன்னேன். கடையில ஒருத்தருக்குப் பாதி வெட்டியிருந்தீங்க. நான் சொன்னதைக் கேட்டுட்டு, ஒண்ணும் பேசாம, மிச்சப் பாதியையும் வெட்டி முடிச்சிட்டுத்தான் கத்தரியைக் கீழ வச்சீங்க. பக்கத்துல நின்னு பார்த்துட்டே இருந்தேன் மாமா. இன்னொரு தடவை அப்படி வந்து நிக்க என்னால முடியல."

மிச்சப் பாதியை வெட்டியது சலூன்காரருக்கு ஞாபகமேயில்லை. யாருடைய தலை என்பதுகூட ஞாபகமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை நான் சொல்லிவிட்டேன், உங்களுக்கு அந்த வேலை மிச்சம் என்றார். அக்காவுக்குப் போன் போட்டு வருவதாகச் சொல்லச் சொன்னார். அந்தப் பெண்ணையும் போய்ப் பார்க்கச் சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை என்பதில் அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம். மரத்தைக் கொன்ற பாவமும் தன்னுடையதுதான், அவன் ஊற்றியது போதாதென்று மத்தியானம் மத்தியானம் பக்கெட் பக்கெட்டாக ஊற்றித் தொலைத்தேன் என்றும் சொன்னார்.

மாப்பிள்ளை இல்லை என்று தலையாட்டினான்.

"ராத்திரியும் ஊத்தினேன் மாமா. நீங்க படுத்ததுக்கப்புறம். தினமும்."

எதற்கு என்று கேட்டார். அவன் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குருத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி தண்ணி கேட்டா. குடுக்கவே கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. ஒரு வாய்தான், யாருக்கும் தெரியாதுன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினா. வெளிய வந்ததும் தரேன்னு சொல்லிட்டேன்."

சலூன்காரர் எழுந்து போய் அவன் தோளில் கை வைத்தார். எத்தனையோ பேர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிய கை, மாப்பிள்ளையை ஒருநாளும் தொட்டதில்லை.

"குடுக்காதது சரிதான் மாப்பிள்ளை. நான் இருந்திருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்."

அது பொய். அவர் இருந்திருந்தால் கொடுத்திருப்பார். அவள் கேட்டு அவர் எதைத்தான் கொடுக்காமல் இருந்தார்? ஆனால் மாப்பிள்ளை அதை நம்பினான். மேஜைமேல் கவிழ்ந்து, இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் நனைய அழுதான். அந்த வாரக் கடைசியில் அக்கா ஊருக்குக் கிளம்பிப் போனான்.