எஞ்சின் இல்லாத வண்டிக்குப் பூசை

பெட்ரோல் வரிசையில் அது மூன்றாவது நாள். காசியானோ தன் மினிபஸ்ஸில் ஓட்டுநர் இருக்கையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேகவைத்த உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தபோது எலோதியா ஜன்னலோரம் வந்து நின்றாள். முதுகில் கோடுபோட்ட போர்வையில் கட்டிய பூக்கட்டு. கிளாடியோலஸ் தண்டுகள் அவளுடைய தொப்பிக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தன. தன் ஊர் திக்கிபாயாவிலிருந்து பாதி தூரம் நடந்தும் மீதி தூரம் யாருடைய வண்டியிலாவது தொற்றிக்கொண்டும் வந்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"கொம்பாத்ரே, என் வண்டி நாளைக்கு வந்துருதாம். கடையிலேர்ந்து போன் பண்ணாங்க" என்றாள்.

அவள் மகளுக்கு அவன் ஞானத்தகப்பன். அதனால் அவன் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவனுக்குக் கொமாத்ரே. பன்னிரண்டு வருஷமாக இரண்டு பேரும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே கிடையாது.

"நல்லதாப் போச்சு" என்றான் காசியானோ. உண்மையிலேயே நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது மாதிரிதான் இருந்தது. வண்டி பிழைத்துவிட்டது, இனிமேல் யாரும் எதையும் கிளற வேண்டியதில்லை.

"வெள்ளிக்கிழமை மறுபடியும் பூசை வெச்சிருக்கேன். நீங்கதான் வந்து ஊத்தணும்."

"அதான் ஒரு தடவை போட்டாச்சே."

"போட்டோம். ஆனா நான் கருமித்தனம் பண்ணிட்டேன் கொம்பாத்ரே. ரெண்டு கேஸ் பியர் வாங்கிட்டு, பூமித்தாய்க்கு ஒரே ஒரு பாட்டில். மிச்சத்தையெல்லாம் நாம உக்காந்து குடிச்சோம். அவளுக்கு மனசு நோகாதா? அதான் அஞ்சாம் நாளே பிடுங்கிக்கிட்டா."

அவன் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான். நிமிர்ந்தால் அவள் காதைப் பார்க்க வேண்டியிருக்கும். கல்யாணத்தில் போட்ட முத்துத் தொங்கட்டான்கள் அந்தக் காதில் இல்லை. நின்றுபோன வண்டிக்குப் புது மின்பெட்டி போட அவற்றைத்தான் விற்றாள். துளைகள் மட்டும் நீளமாக, வெறுமையாக இருந்தன.

அவள் போனதும் பின்னால் நின்ற மினிபஸ்ஸிலிருந்து வால்பெர்தோ இறங்கி வந்தான். அதே ஓட்டுநர் சங்கம், அதே தடம், வாய் மட்டும் இரண்டு மடங்கு. "என்னப்பா, உன் கொமாத்ரே மறுபடியும் கரண்டு வண்டி ஓட்டப் போறாங்களாமே. நாம இங்க உக்காந்து முட்டை அடைகாத்துக்கிட்டிருக்கோம். அந்தம்மா செவத்துல ஒயரைச் சொருகிட்டுத் தூங்கப் போயிரும்."

"போய் உன் வண்டியைப் பாரு" என்றான் காசியானோ.

விஷயம் இதுதான். பதினோரு வருஷமாக எலோதியா அவன் மினிபஸ்ஸில்தான் சந்தைக்குப் போனாள். விடிகிற நேரம், முன் சீட்டு, மடியிலும் காலடியிலும் பூ. அவளுடைய புருஷன் ஸ்பெயினில் ஸ்ட்ராபெரி பறிக்கப் போனவன். முதலில் வாரத்துக்கு ஒரு போன் வந்தது, பிறகு பண்டிகைக்கு ஒன்று. அவள் வீட்டு ஓடு மாற்றியது, மகளைப் பள்ளியில் சேர்த்தது, நாய்க்கு ஊசி போட்டது வரைக்கும் எல்லாவற்றுக்கும் காசியானோதான் யோசனை சொன்னான். அவன் மினிபஸ் அப்படியொன்றும் அரண்மனை கிடையாது. கியர் மாற்றினால் முனகும், ஏற்றத்தில் இருமும், பெட்ரோல் நாற்றம் பூவிலேயே ஏறிவிடும். ஆனாலும் அந்த முன் சீட்டில் அவள் உட்கார்ந்திருக்கும்போது தான் ஒரு பெரிய மனுஷன் என்று அவனுக்குத் தோன்றும். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய விஷயமாக அது படவுமில்லை.

பிறகு பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. வாரத்தில் மூன்று நாள் வரிசை, மூன்று நாள் ஓட்டம். பூ மூன்று நாள் காத்திருக்குமா? எலோதியா ஒரு நாள் வந்து, மின்சாரத்தில் ஓடும் சின்னச் சரக்கு வண்டி ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னாள். மூன்று சக்கரம், பின்னால் தொட்டி. "நீங்கதான் வண்டிக்கும் ஞானத்தகப்பன்" என்றும் சொன்னாள். மறுக்கிற உறவா அது? அவளோடு கடைக்குப் போனான். அவள் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, விற்பனைக்காரன் இவனைப் புருஷன் என்று நினைத்துக்கொண்டு வெளியே கூட்டிவந்து, சீட்டைத் தூக்கிக் காட்டினான். கீழே செங்கல் அளவுக்கு ஒரு கறுப்பு மின்பெட்டி. மேல்பக்கம் காற்றுப் போக வரிசையாகச் சந்துகள்.

"மழையில ஓட்டலாம், தண்ணியில இறக்கலாம், ஒண்ணும் ஆகாது. இந்தப் பெட்டிக்குள்ள மட்டும் ஈரம் படக்கூடாது சார். சம்சாரத்துக்குச் சொல்லி வெச்சிருங்க."

சொல்லிவிடுகிறேன் என்றான். சொல்லவில்லை. முதல் நாள் மறந்துதான் போனான். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அவன் வரிசையில் கிடந்தான். எலோதியா தொட்டி நிறையப் பூவோடு, சத்தமே இல்லாமல், அந்த நீள வரிசையை ஒட்டி வழுக்கிக்கொண்டு போனாள். போகும்போது கையசைத்தாள். ஓட்டுநர்கள் எல்லோரும் விசிலடித்தார்கள். "காசியானோ, முன் சீட்டு காலியா?" என்று யாரோ கத்தினார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். வயிறு எரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பூசை. மினிபஸ் என்றால் விஷயம் சுலபம். பானெட்டைத் திறந்து, சூடான எஞ்சின் மேல் பியரைப் பீய்ச்ச வேண்டும். சொய்யென்று பொங்கி ஆவி கிளம்பும். அந்த மணம் வந்தால் பூமித்தாய் குடித்துவிட்டாள் என்று எல்லோரும் கை தட்டுவார்கள். இந்த வண்டியில் எதைத் திறப்பது? சாம்பிராணிச் சட்டி புகைந்துகொண்டிருக்க, தெருவே சுற்றி நின்று எஞ்சினைத் தேடியது. "வயித்துல ஒண்ணுமில்லாத வண்டியா இருக்கே" என்று ஒரு கிழவர் சிரித்தார். எலோதியா கலங்கிப்போய் அவனைப் பார்த்தாள். "எங்க ஊத்தறது கொம்பாத்ரே?"

காசியானோ சீட்டைத் தூக்கினான். "இங்கதான்" என்றான். ஒரு முழு பாட்டிலையும் அந்தச் சந்துகளின் மேல் நிதானமாகக் கவிழ்த்தான்.

மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள அவன் எவ்வளவோ முயன்று பார்த்திருக்கிறான். முடியவில்லை. ஊற்றும்போது விற்பனைக்காரனின் குரல் காதில் தெளிவாகக் கேட்டது. இரண்டு பல் போன அவனுடைய வாய்கூட ஞாபகம் வந்தது. கேட்டுக்கொண்டேதான் ஊற்றினான். வண்டி செத்துப்போக வேண்டும் என்று நினைத்தானா என்றால், அதுவும் இல்லை. கொஞ்சம் திக்கித் திணறட்டும், அவ்வளவுதான். கொஞ்சம் இருமட்டும்.

பூசை முடிந்த ஐந்தாம் நாள் வண்டி நடுரோட்டில் நின்றது. பிறகு அசையவே இல்லை. ஆறாம் நாள் விடியற்காலையில் எலோதியா பழையபடி பூக்கட்டோடு மினிபஸ்ஸின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஏறியதும் அவனுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியதே, அதைத்தான் அவனால் இன்றைக்கும் செரிக்க முடியவில்லை. பியர் ஊற்றியதைக்கூட ஒரு வேகத்தில் செய்தது என்று தள்ளிவிடலாம். இந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டு போய்த் தள்ளுவது? அன்றைக்கு அவன் பாட்டுப் போட்டான். அவள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவன் சத்தத்தைக் கூட்டினான்.

இதெல்லாம் நினைவில் புரள, வரிசை இரண்டு வண்டி தூரம் நகர்ந்தது. மத்தியானம் அவன் மனைவி நிக்கோலாசா தூக்கில் வேர்க்கடலை சூப் கொண்டுவந்தாள். அவன் சாப்பிடாமல் கரண்டியால் அளைந்துகொண்டிருந்தான்.

"அந்தக் கரண்டு வண்டியில, சீட்டுக்கடியில ஈரம் படக்கூடாதாம்" என்றான்.

"யார் சொன்னா?"

"விக்கிறவன்."

"எப்ப?"

அவன் வண்டியின் முன் கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடினான்.

"எப்பன்னு கேட்டேன்."

துணி கையிலேயே இருந்தது. நிக்கோலாசா அதைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அதற்கு மேல் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தூக்கை மூடி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

"நான் சொன்னா அது கோள் சொன்னதாயிரும். நீயே அவகிட்டச் சொல்லு" என்றாள். "சொல்ற வரைக்கும் வரிசையிலயே கெட."

வெள்ளிக்கிழமை அவன் சீக்கிரமே கிளம்பினான். அவள் தனியாக இருக்கும்போது, வாசலிலேயே, இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தான். ஆனால் எலோதியா வீட்டு முன்னால் அதற்குள் பாதித் தெரு கூடியிருந்தது. வண்டி கழுவித் துடைத்து, கார்னேஷன் மாலையும் வண்ணக் காகிதமும் சுற்றி, புதுப் பெண் மாதிரி நின்றது. அவனைப் பார்த்ததும் ஞான மகள் ஓடிவந்து அவன் தலையில் காகிதப் பூத்தூளைக் கொட்டினாள். அடுப்பில் பன்றிக்கறி பொரிந்துகொண்டிருந்தது. எலோதியா புது ஏப்ரனோடு வந்து, இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்தாள்.

"கொமாத்ரே, ஒரு விஷயம்..."

"சாப்பிட்டுப் பேசலாம். கங்கு ஆறிடும்" என்று அவள் சாம்பிராணிச் சட்டியை நோக்கி ஓடினாள்.

அப்போதுதான் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. ஊற்றப்போவது யார்? அவன்தானே. சக்கரத்துக்கு ஊற்றினால் போயிற்று, தொட்டிக்கு ஊற்றினால் போயிற்று. சீட்டைத் தொடவே வேண்டாம். வண்டி ஓடும், அவள் சிரிப்பாள், தொங்கட்டானுக்கு அவன் மெதுவாக வேறு ஏதாவது வழி பண்ணுவான். யாரும் எதுவும் சொல்லிக்கொள்ள வேண்டியதே இல்லை. கூட்டத்தில் நின்ற நிக்கோலாசாவின் கண்ணை மட்டும் தவிர்த்துவிட்டு, பாட்டிலை வாங்கிக்கொண்டான். முன் சக்கரத்துக்குக் கொஞ்சம், பின் சக்கரம் இரண்டுக்கும் கொஞ்சம், தொட்டியின் நாலு மூலைக்கும் கொஞ்சம். மண்ணில் தாராளமாக ஊற்றினான். கூட்டம் கை தட்டியது. வால்பெர்தோகூட, "ஞானத்தகப்பன்னா இப்படில்ல இருக்கணும்" என்றான். காசியானோ காலி பாட்டிலைக் கீழே வைத்து, வேர்வையைத் துடைத்தான். முடிந்தது என்று நினைத்தான்.

நிமிர்ந்தபோது எலோதியா சீட்டைத் தூக்கியிருந்தாள். மற்றொரு பாட்டிலின் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. அவள் முகம் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிற பெண்ணின் முகமாக இருந்தது.

"இங்கதான கொம்பாத்ரே போன தடவை ஊத்துனீங்க. அந்த ஒரு பாட்டில்தான் அவளுக்குப் பத்தலை. இதை நான் என் கையாலயே குடுத்துடறேன்."

பாட்டில் சாய்ந்தது. காசியானோ ஒரே எட்டில் பாய்ந்து, இரண்டு உள்ளங்கையையும் அந்தச் சந்துகளின் மேல் பரப்பி அழுத்தினான். பியர் அவன் புறங்கையில் விழுந்து நுரைத்தது.

"ஊத்தாதீங்க. அதுக்குள்ள ஈரம் படக்கூடாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் கொமாத்ரே." குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "போன தடவையே தெரியும். தெரிஞ்சுதான் ஊத்துனேன்."

கூட்டத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். எலோதியா அவன் முகத்தையே பார்த்தாள். கையில் பாட்டில் இருப்பது அவளுக்கு மறந்துபோய்விட்டது போலிருந்தது. அதை அவள் நிமிர்த்தவில்லை. பியர் நிற்காமல் அவன் விரல்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கிவிடாமல் விரலோடு விரலை நெருக்கிப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டு வழியாக அது தன் சட்டைக் கைக்குள் ஏறுவதை உணர்ந்தபடி, பாட்டில் காலியாகட்டும் என்று அவன் குனிந்தே நின்றான்.