போர்வை பிடித்தவள்

ஒரு கடை கிடையாது, குழாய் கிடையாது, ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. "ஈ காக்கா இல்லாத கடற்கரை!" என்று மார்தட்டிக்கொண்டான் குடும்பச் சுற்றுலாவுக்கு இடத்தைக் கண்டுபிடித்த கொழுந்தன். பெண்கள் எங்கே துணி மாற்றுவார்கள் என்று அந்த மகராசனுக்குத் தோன்றவேயில்லை. வேனிலோ சுற்றிலும் கண்ணாடி. அண்ணிதான் யோசித்து ஒரு பெரிய போர்வை எடுத்து வந்திருந்தாள்.

அண்ணி ஆஸ்பத்திரி நர்ஸ். அடுத்த மூன்று ஞாயிறும் டூட்டி பார்க்கிறேன் என்று கெஞ்சி வாங்கிய லீவு இது. நாற்பத்தாறு வயதாகியும் கடலில் ஒரு முழுக்குப் போட்டதில்லை. இன்றைக்குப் போட்டே தீருவது என்று தனக்கும் மாற்றுத் துணி வைத்திருந்தாள்.

பாறையோரம் போர்வையை விரித்துப் பிடித்தாள். முதலில் மாமியார். அப்புறம், "தூக்கிப் பிடிங்க அண்ணி, தெரியுது" என்று நாத்தனார். பிறகு ஓர்ப்படி, அவள் பெண்கள், கடைசியில் அண்ணியின் மகள். இறங்கும்போது ஒரு தடவை, குளித்து வந்ததும் ஒரு தடவை. தோள்பட்டை விட்டுப்போயிற்று. "அண்ணி இருந்தா கவலையே இல்ல" என்றாள் நாத்தனார். பாராட்டாம்! யாருக்கு வேண்டும்?

மூன்று மணிக்கு எல்லோரும் தலை துவட்டியாயிற்று.

"இப்ப நான் போறேன். வந்ததும் யாராவது போர்வையைப் பிடிங்க" என்றாள் அண்ணி.

"இப்பதான் மணலெல்லாம் தட்டிட்டு உக்காந்தேன்" என்றாள் நாத்தனார். மாமியார் வேனைப் பார்த்து நடந்தாள். கணவர் வேனுக்குள்ளிருந்து, "இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்? டிரைவர் அவசரப்படுறார், ஏறு" என்றார். மகளைப் பார்த்தாள். மகள் போனைப் பார்த்தாள்.

அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர்வையை வீசிவிட்டு, உடுத்திய துணியோடு விறுவிறுவென்று தண்ணீரில் இறங்கினாள். யார் பார்த்தால் எனக்கென்ன! முழங்காலைத் தாண்டியாயிற்று. இன்னும் நாலடி. மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"அம்மா, சீப்பு எங்க?" மகளின் குரல்.

"நீலப் பையில, பக்கத்து ஜிப்புல!" நினைப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"காணோம்மா. நீயே வந்து எடு."

அலை வந்து இடுப்பை நனைத்தது. அதற்குள் பாழாய்ப்போன கால்கள் கரைப் பக்கம் திரும்பிவிட்டன. சொன்ன ஜிப்பில்தான் இருந்தது சீப்பு. எடுத்துக் கொடுக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரும் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை, அவளேதான் திரும்பி வந்தாள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.