கன்னத்தைக் காட்டியவன்

பாரசீகர்களின் பார்சா நகரத்தில் யார் பெரியவர், யார் சிறியவர் என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. தெருவில் இரண்டு பேர் சந்திப்பதைப் பார்த்தால் போதும். சமமானவர்கள் என்றால் வாயில் முத்தம். ஒரு படி குறைந்தவன் என்றால் கன்னத்தில். ரொம்பக் குறைந்தவன் என்றால் தரையில் விழவேண்டியதுதான்.

பகபானாவுக்குப் பதினொரு வருஷமாக வாயில்தான் முத்தம். அரண்மனையில் காணிக்கை கொண்டுவரும் தூதர்களைக் கைபிடித்துப் படியேற்றும் வேலை அவனுக்கு. மடிப்பு வைத்த நீள அங்கி, கையில் கோல், பார்க்கப் பாரசீகனேதான். அப்பா பாரசீகப் படைவீரர், காவலுக்குப் போன இடத்தில், தூரத்துப் பாக்திரியாவில், தான் பிறந்ததாகச் சொல்லிவைத்திருந்தான். அப்பா பாரசீகரும் இல்லை, படைவீரரும் இல்லை. பாக்திரியாவில் ஒட்டகம் மேய்த்தவர். இந்தப் பொய் எடுபட்டதற்குக் காரணம் உண்டு. இரண்டு ஊருக்கும் கும்பிடுகிற நெருப்பு ஒன்று, தெய்வங்கள் பாதி ஒன்று, பேச்சும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் தங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற மேதியரை மதிக்கிற பாரசீகர், தூரம் போகப்போக மதிப்பைக் குறைத்துக்கொண்டே போவார்கள். பாக்திரியா ரொம்பத் தூரம்.

அன்றைக்குக் காணிக்கை நாள். பாக்திரியர்கள் இரட்டைத் திமில் ஒட்டகத்தோடு வாசலில் நின்றார்கள்.

"நீதான் அந்தப் பக்கம் வளந்தவனாச்சே, இவங்களை நீயே கூட்டிட்டுப் போ" என்றான் கூட வேலை பார்க்கும் மனூக்கா.

பகபானா போனான். கூட்டத்துக்குத் தலைவனாக முன்னால் நின்றவன் ஸ்பைதா, அவனுடைய சொந்த அண்ணன். தாடி நரைத்திருந்தது. மற்றபடி அதே முகம்.

"டேய், வக்‌ஷூ! நீயாடா?"

அம்மா வைத்த பழைய பெயரைச் சொல்லிக்கொண்டே ஸ்பைதா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். பின்னால் மனூக்கா, அவனுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பாரசீகர்கள். எல்லாரும் பார்த்தார்கள். பகபானா யோசிக்கக்கூட இல்லை. முகத்தைத் திருப்பிக் கன்னத்தைக் காட்டினான்.

அண்ணனின் உதடு பாதி வழியில் நின்றது. அவன் முட்டாள் இல்லை. அங்கியைப் பார்த்தான், கோலைப் பார்த்தான், சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். பிறகு மெல்ல மண்டியிட்டு, நெற்றி கல்லில் படும்படி விழுந்தான்.

"மன்னிக்கணும் ஐயா. வேற ஆளுன்னு நெனச்சுட்டேன்."

பகபானா, எழுந்திரு அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, முறைப்படி, படியேறினான். ஏறும்போது ஸ்பைதா தங்கள் மொழியில், உதடு அசையாமல், "அம்மா இன்னும் உயிரோட இருக்காடா" என்றான். "வரிசையில நடங்க" என்று பகபானா பாரசீகத்தில் பதில் சொன்னான். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததை அவனாலேயே நம்பமுடியவில்லை.

எல்லாம் முடிந்து இறங்கியபோது மனூக்கா காத்திருந்தான்.

"அது உன் அண்ணன்தானே?"

பகபானா அங்கியின் மடிப்பைச் சரிசெய்தான்.

"மூக்கைப் பாத்தாலே தெரியுதே. நீ பாக்திரியாக்காரன்னு நீ வந்த முதல் மாசமே எங்களுக்குத் தெரியும்யா. கோபம் வந்தா உங்க ஊர்ப் பேச்சுலதானே திட்டுவே! நல்ல மனுஷன், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டோம். நாங்க முத்தம் குடுத்தது உனக்கு, உங்கப்பனுக்கு இல்ல." மனூக்கா கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டான். "ஆனா கூடப் பொறந்தவனைத் தரையில விழ விட்டுட்டு நின்னே பாரு, அதை எங்க ஊர்ல எவனும் செய்யமாட்டான்."

யாருக்குப் பயந்து இதைச் செய்தான்? பயப்பட ஒருவருமே இல்லை. அதை நினைக்க நினைக்க அவமானம் இன்னும் அதிகமாயிற்று. பகபானா நகரத்துக்கு வெளியே இருந்த கூடாரங்களை நோக்கி ஓடினான்.

ஸ்பைதா ஒட்டகத்துக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே" என்றான் பகபானா, தன் சொந்த மொழியில்.

ஸ்பைதா திரும்பினான். கோபம் இல்லை அவன் முகத்தில். கோபம் இருந்திருந்தால் தேவலை.

"அம்மா கேப்பாங்களே அண்ணே. என்ன சொல்லப்போறே?"

"நீ செத்துட்டேன்னு சொல்லப்போறேன்."

"அண்ணே!"

"அதைச் சொன்னா ஒரு வருஷம் அழுவா, அப்புறம் தேறிடுவா. நடந்ததைச் சொன்னா, சாகுற வரைக்கும் ஊர்ல தலை நிமிந்து நடக்கமாட்டா. எது நல்லதுன்னு நீயே சொல்லு."

பகபானா குனிந்து ஒரு கை தீனி அள்ளி ஒட்டகத்துக்கு நீட்டினான். பிறகு, "செத்துட்டேன்னே சொல்லிடு" என்றான்.