தலையாட்டல்

சிற்பி சுத்தியலால் கல்லைத் தட்டிவிட்டு நிமிர்ந்து மனைவியைப் பார்ப்பான். தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து சிலைகளுக்கு உப்புத்தாள் தேய்ப்பது அவள் வேலை. நல்ல கல் கணீரென்று பேசும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் பொத்தென்று விழும். கல் நல்லதென்றால் அவள் தலையாட்டுவாள். இல்லையென்றால் குனிந்துகொள்வாள். இந்தத் திருட்டுத்தனத்தில்தான் கொஞ்ச காலமாக அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

அறுக்கும் மெஷினோடு மல்லுக்கட்டியே அவன் காது போய்விட்டது. காதுக்கு மாட்டிக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று முன்பு ஒருமுறை கேட்டான். "எதையாவது மாட்டிக்கிட்டா நான் கூப்பிடறது எப்படிடா கேக்கும்?" என்று முதலாளி சிரித்தார். இப்போது யார் கூப்பிட்டாலும் அவன் திரும்புவதில்லை. திமிர் என்று நினைத்து, பட்டறையில் மகாராசா என்று பட்டம் கட்டிவிட்டார்கள். செவிடன் என்பதைவிட மகாராசா எவ்வளவோ மேல் என்று புருஷனும் பெண்டாட்டியும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் வைக்கத் தாயும் பிள்ளையுமாக ஒரு சிலை கேட்டிருந்தார்கள். பிள்ளையின் கை தாயின் கன்னத்தை நோக்கி நீண்டிருக்கும். அந்தக் கையை அவன் கடைசிவரை தொடாமல் வைத்திருந்தான். அன்று காலை விரல்களைப் பிரிக்க உளியை வைத்து லேசாகத்தான் தட்டினான். கை முழங்கையோடு கழன்று மண்ணில் விழுந்தது. முறிந்த இடத்தில் பழுப்பாக ஒரு பழைய விரிசல் ஓடியிருந்தது.

அவள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். வாயசைவு தெரியும்படி அவன் முகத்துக்கு நேரே நின்று கேட்டாள்.

"இந்தக் கல்ல ஏங்க எடுத்தீங்க?"

"நீதானே தலையாட்டின?"

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கல் வந்திறங்கிய அன்று, "உன் பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டுச்சாக்கா?" என்று பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள். இவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த நேரத்தில்தான் அவன் கல்லைத் தட்டிவிட்டு இவளைப் பார்த்திருக்க வேண்டும். பாவி, என் தலையே என் குடியைக் கெடுத்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலாளி வந்து உடைந்த கையைப் பார்த்தார். சிற்பியின் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டார். மறுபடி கத்தினார். அவன் திரும்பவில்லை. அவர் அவளைப் பார்த்த பார்வையில் எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது.

"காது கேக்காதவன வச்சுக்கிட்டு நான் கல்லுத் தொழில் பண்றதா? நாளையிலேர்ந்து அவன் வரவேணாம். நீ வா. அவன்கிட்ட நீயே சொல்லிடு, கத்திக் கத்தி என் தொண்ட போச்சு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

அவள் திரும்பியபோது அவன் வேறொரு கல்லைத் துடைத்து, காவியால் தாயின் முகத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"இந்தத் தடவ பிள்ளையோட கைய அம்மா நெஞ்சோட ஒட்டி வச்சிடறேன். உடையவே உடையாது. முதலாளிகிட்ட சொல்லிடு."

மெதுவாகச் சொன்னால் அவனுக்குக் கேட்காது. சத்தமாகச் சொன்னால் பட்டறை முழுக்கக் கேட்கும். அவள் அவன் காதருகே குனிந்தாள். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

"உங்கள நாளைக்கு..."

பக்கத்துக் கொட்டகையில் புதிதாகச் சேர்ந்தவன் மெஷினை ஓடவிட்டான். அந்தப் புதியவனும் காதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. தூசி எழுந்து எல்லார் மேலும் படிந்தது.

சிற்பி கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தான்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு."