அடிபடுமுன் எடுத்த அளவு

ஜெனிலா யாரையும் லேசில் நம்ப மாட்டாள். மார்த்தாண்டத்தில் பிசியோதெரபி பார்க்கிறவள். வீட்டில் தினமும் பயிற்சி செய்வதாக முட்டுவலிக்காரர்கள் பொய் சொல்லிச் சொல்லியே அவளை அப்படி ஆக்கிவிட்டார்கள். அதனால் சொந்த ஊர் அணியின் கால்பந்தாட்டக்காரன் அபின் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதிலைச் சொன்னபோது அவளுக்கு மூக்கில் வியர்த்தது.

"தலவலி?"

"பூஜ்யம், அக்கா."

"தலசுத்தல்?"

"பூஜ்யம்."

"பூஜ்யம் மொதல் ஆறு வரைக்கும் எவ்வளவுன்னு கேக்கேன். யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாலும் பூஜ்யந்தான்."

முந்தின நாள் அரையிறுதியில் எதிரணி கோலியின் முழங்கை நெற்றிப்பொட்டில் இடித்து, எழும்ப முடியாமல் கிடந்தவன் இவன். இன்று சாயங்காலம் கோயில் திருவிழாக் கோப்பையின் இறுதி ஆட்டம். அரசுத்துறை அணி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறவர் சென்னையிலிருந்து வருகிறார். அவர் கண்ணில் பட்டால் அபினுக்கு வேலை. இனி மீன்பிடிக்கக் கடலுக்கே போக வேண்டாம். ஆனால் கலங்கிய மூளை தெளியுமுன் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. ஜெனிலா சரி என்றால்தான் களத்தில் இறங்கலாம்.

ஆடிவிட்டு வந்த எவனுக்கும் எல்லாமே பூஜ்யமாக இருக்காது. கொஞ்சம் களைப்பாவது இருக்கும். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாசலில் நின்ற கோச் செல்வதாஸைப் பார்த்தாள். அபினின் தாய்மாமன் அவர். அவள் கண்ணைப் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது ஞாபகச் சோதனை. முன்பு ஒருமுறை கேட்ட சொற்களை மாமன் மனப்பாடம் செய்ய வைத்திருப்பார் என்று புதுச் சொற்களைச் சொன்னாள். தப்பில்லாமல் திருப்பிச் சொன்னான். பிறகு பாதத்தின் முன் பாதம் வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னாள். அப்போது தடுமாறினான், ஒரு தடவையல்ல, பல தடவை.

"பாத்தியளா, மாமா?"

"அடிபடுமுன்னே ஒரு தடவ எடுத்தியே பிள்ள. அதையும் பாரு."

பார்த்தாள். ஒரு மாதம் முன்பு, போட்டிகள் தொடங்குமுன் எடுத்த அளவிலும் அதே தடுமாற்றம். முன்னளவும் பின்னளவும் ஒத்துப்போனால் அடியால் கெடுதல் இல்லை என்றுதான் அவள் படித்திருந்தாள். மனம் ஒப்பவில்லை, ஆனாலும் தன் கையால் எடுத்த அளவை எப்படி மறுப்பது? "செரி, ஆடட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

டீக்கடை முன்னால் அபினின் அண்ணன் இஞ்ஞாசி நின்றான். ஆழ்கடலுக்கு மீன்பிடி போட்டில் போனவன் அப்போதுதான் கரைக்கு வந்திருந்தான். காலை அகட்டி, ஒரு கையால் விளக்குக் கம்பத்தைப் பிடித்திருந்தான்.

"என்ன அண்ணே, கம்பம் சாயுதா?"

"கடல விட்டு வந்தாலும் கடலு நம்மள விடாதுல்லா? நாளைக்குத்தான் தரை நிக்கும்."

ஜெனிலா சிரிக்க வாயெடுத்தாள். கம்பத்தைப் பிடித்த கையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. முதல் அளவு எடுத்த அன்று அபினும் போட்டிலிருந்து இறங்கிய கையோடு வந்து நின்றான். மீன் வாடை அடிக்கிறது, தள்ளி நில் என்று அவனை அதட்டியவளே அவள்தான். மீன்பிடிக்காரன் மகளாகப் பிறந்தும் இது உறைக்கவில்லை. அன்று அவள் அளந்தது அபினை அல்ல, கடலை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் தன்னை மட்டும் சந்தேகப்படவில்லை.

திரும்பி ஓடினாள். அபின் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, இவன் ஆடக் கூடாது."

"இப்பத்தானே செரின்னு சொன்ன?"

"முதல்ல எடுத்த அளவு தப்பு. போட்ட விட்டு எறங்குன அன்னைக்கு எடுத்தது. கடல்ல கெடந்து வந்தவன் தள்ளாடுவான். இப்ப ஒரு மாசமா கரையில நிக்கவன் எதுக்குத் தள்ளாடணும்?"

சண்டைக்கு வருவார் என்று நினைத்தாள். செல்வதாஸ் வரவில்லை. அவரும் ஒரு காலத்தில் போட் ஓட்டியவர்தான். மருமகன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"எனக்க மூஞ்சப் பாத்துச் சொல்லு மக்கா. தரை ஆடுதா?"

"வேல போயிரும், மாமா."

"கேட்டதுக்குச் சொல்லுலே."

அபின் குனிந்தே இருந்தான். பூட்ஸ் கயிற்றை முடிச்சுப் போட்டான், அவிழ்த்தான்.

"நேத்து ராத்திரி பூரா கட்டில்ல படுக்க முடியல்ல. போட்டுல கெடக்குத மாதிரியே இருந்து."

செல்வதாஸ் அவன் பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார்.