கைக்கு எட்டாத கைப்பிடி

அக்கா தம்பிக்கு வைத்திருந்த பெயர் ஒட்டடைக்குச்சி. ஆறடி இரண்டு அங்குலம். அதில் சதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வீட்டில் பரண் மேலிருந்து எதை எடுக்கவும் யாரும் ஏணி தேடமாட்டார்கள், அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

அக்காவும் தம்பியும் ஒரே ஓர் அறையில் உட்கார்ந்து, ஆறு மாதமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். விஆர் ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் மனித உடம்புக்குள்ளேயே போய்விடலாம். முதல் கட்டம் இதயம். நான்கு அறை, நான்கு கதவு. துடிப்புக்குத் தகுந்தபடி கைப்பிடியை இழுத்தால் கதவு திறந்து ரத்தம் பாயும்.

கம்ப்யூட்டரில் எழுதுவதெல்லாம் அக்கா. உள்ளே போய்ப் பொருள்களை வைப்பது தம்பி. அக்கா ஹெட்செட்டை மாட்டினால் இரண்டே நிமிடத்தில் தலை சுற்றி, குமட்டி, வாளியைத் தேடுவாள். அவளுடைய ஹெட்செட் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கோ அளவு, எண் எதுவும் ஒத்துவராது. நேராக நிற்பான், கையைச் சற்று மேலே நீட்டுவான், கை போய் நிற்கிற இடத்தில் கைப்பிடியை ஒட்டிவிடுவான்.

"கைக்குத் தெரியும்க்கா" என்பான். அக்காவும் நம்பினாள். போய்ப் பார்க்கலாம் என்றால் வாளி வேண்டுமே!

அன்று அந்த விளையாட்டைப் பள்ளியில் காட்ட வேண்டிய நாள். அக்காவைப் பழைய ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். "இன்னிக்கு சொதப்புச்சுன்னா கடையைக் கட்டிடலாம்டா" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான்காம் வகுப்பு. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். யார் முதலில் என்று கேட்டதும் முப்பது கைகளும் மேலே போயின. தலைமையாசிரியை, வகுப்பிலேயே குட்டியான ஒருத்தியைக் கூப்பிட்டார். கூட்டாளிகள் அவளுக்கு வைத்த பெயர் சுண்டெலி. ஹெட்செட் மாட்டியதும் முகத்தில் மூக்கு நுனியும் வாயும்தான் மிச்சம்.

அவள் பார்ப்பதெல்லாம் சுவரில் இருந்த திரையிலும் தெரிந்தது. முதல் கதவு வந்தது. கையை நீட்டினாள்; எட்டவில்லை. நுனிக்காலில் நின்றாள், எம்பிக் குதித்தாள். ஒரு சாண் குறைந்தது.

அப்போதுதான் ஸ்பீக்கரில், விளையாட்டில் வரும் இதயத்தின் மேற்பார்வையாளர் பேசினார். அவன் ஆசைப்பட்டுத் தன் குரலிலேயே பதிவு செய்து வைத்தது.

"என்ன, தூக்கமா? இழு, இழு! மொத்த உடம்பும் உன்னைத்தான் நம்பியிருக்கு!"

"எட்டலையே!" என்று கத்தினாள் சுண்டெலி.

"சாக்குப்போக்கு சொல்லாதே!" என்றது குரல். அதையும் எழுதியவன் அவனேதான்.

வகுப்பே எழுந்துவிட்டது. "தாவுடி!" என்றது ஒரு பக்கம். அவளைத் தூக்கிப் பிடிக்க இரண்டு பேர் கிளம்பினார்கள். தலைமையாசிரியையின் ஒரே பார்வையில் திரும்ப உட்கார்ந்தார்கள். துடிப்பு மெல்லக் குறைந்து, திரை கறுத்து, இதயம் நின்றுபோனது.

சுண்டெலி ஹெட்செட்டைக் கழற்றினாள். கண் நிறைந்திருந்தது. "நான் கொன்னுட்டேனா டீச்சர்?"

"இல்லடா கண்ணு. அந்த அண்ணன்தான் கொன்னாரு" என்றார் தலைமையாசிரியை.

அவனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஒன்பது வயதுப் பிள்ளைக்காக ஆறு மாதம் உழைத்தவன், அந்தப் பிள்ளையின் கை எவ்வளவு தூரம் போகும் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. அக்கா தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, கைப்பிடிய எப்படி அங்க வெச்சீங்க?" என்று அவனைக் கேட்டார்.

நேராக நின்று கையைச் சற்று மேலே நீட்டிக் காட்டினான். சுண்டெலி அந்தக் கைக்கு அடியில், தலை தட்டாமல், இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்து போனாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

"மாத்தி வைக்க எவ்ளோ நேரமாகும்?"

"ஒண்ணுக்கு ஒரு நிமிஷம் மேடம்."

"சரி. முட்டி போடுங்க."

சிரிப்பு சட்டென்று நின்றது. இந்தப் பள்ளியில் யாரும் யாரையும் முட்டி போட வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான்.

முட்டி போட்டான். சுண்டெலி பக்கத்தில் வந்து தோளோடு தோள் வைத்துப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் குனிங்கண்ணா. நான் இவ்ளோதான்." குதிகால் மேல் உட்கார்ந்து, ஹெட்செட்டை மாட்டினான்.

அங்கிருந்து பார்த்தால் இதயம் வேறாக இருந்தது. கூரை எங்கேயோ உயரத்தில், சுவர்கள் மலை மலையாக. தான் செய்த இடத்திலேயே அவனுக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது. ரொம்ப அழகாகவும் இருந்தது. நான்கு கைப்பிடிகளையும் இறக்கி வைத்தான்.

சுண்டெலி இழுத்தாள். கதவு திறந்தது. லப் டப், லப் டப் என்று முப்பது பிள்ளைகளும் துடித்தார்கள்.

"இதயம் சரி" என்றார் தலைமையாசிரியை. "மிச்சம்?"

நுரையீரல், ஈரல், சிறுநீரகம் என்று எண்பத்தாறு கைப்பிடிகள் இருந்தன.

"திங்கட்கிழமை இவளை வெச்சே எல்லாத்தையும் பாக்கறேன். அப்புறம் சொல்றேன்."

திரும்பும் வழியில் அக்கா எங்கேயோ இறங்கிக்கொண்டாள். அவன் அறைக்கு வந்து ஈரலுக்குள் முட்டி போட்டான். ஐந்தரை மணிக்குக் கதவுச் சத்தம் கேட்டது. ஹெட்செட்டைக் கழற்ற அவனுக்குத் தைரியம் வரவில்லை. மடியில் ஏதோ தொப்பென்று விழுந்தது. தடவிப் பார்த்தான், பஞ்சு வைத்து, வார் வைத்து, இரண்டு. தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் முட்டியில் கட்டிக்கொள்ளும் பட்டை.

"ஆஸ்பத்திரிக்கு என்னக்கா சொன்னே?"

"வரலைன்னுட்டேன். பேசாம வேலையப் பாரு."

ஹெட்செட்டைக் கழற்றினான். அக்கா இன்னொரு ஜோடியைத் தன் முட்டியில் கட்டிக்கொண்டிருந்தாள். அலமாரியில் தூங்கிய ஹெட்செட் அவள் மடியில் இருந்தது, பக்கத்தில் வாளி.

"நுரையீரல் என்னோடது" என்றாள். "வாளிய மட்டும் என் கைக்கு எட்டுற மாதிரி வைடா."